கொழும்பில பஸ், ட்ரெயின், ஒபிஸுக்கு நொய்ஸ் கான்சலிங் ஹெட்போன் வாங்கப் போறீங்களா? முழுமையான வழிகாட்டி

நல்ல நொய்ஸ் கான்சலிங் ஹெட்போன் எது எண்டு யாரிட்ட கேட்டாலும் சோனி, போஸ், ஆப்பிள் எண்டு ரெண்டு மூண்டு பேர் டக்கெண்டு வரும், அந்தப் பேர்களில பிழை ஒண்டும் இல்ல. ஆனா வெள்ளவத்தையில ஏறி கோட்டைக்கு ஜன்னல் திறந்த ட்ரெயின்ல போற ஆளுக்கும், ஏசி ஒபிஸுக்குள்ள காலமை தொடங்கி பின்னேரம் வரைக்கும் டீம்ஸ் கோல்ல இருக்கிற ஆளுக்கும், பக்கத்துக் காணியில ஃப்ளாட் கட்டுற சத்தத்துக்குள்ள வீட்டில இருந்து வேலை செய்யிற ஆளுக்கும் ஒரே ஹெட்போன் சரிவராது. வெளிநாட்டு ரிவியூக்காரர் கனபேர் பிளேன்லயும் ஏசி போட்ட மெட்ரோலயும் போட்டுப் பாத்துத்தான் மார்க் போடினம், எங்கட வெக்கையும் கோல் ரோட்டு (காலி வீதி) ஹோர்னும் அவையின்ர கணக்கில இல்ல. அதால நான் சொல்லுற ஒழுங்கு இதுதான்: முதல்ல உங்களுக்கு என்ன சத்தம் தொல்லை எண்டு பாருங்கோ, பிறகு உங்கட தலை, காது, வேர்வை, அதுக்குப் பிறகு கோல்ல உங்கட குரல் எப்பிடிப் போகுது எண்டு பாருங்கோ. பிராண்டும் விலையும் அதுக்குப் பிறகுதான்.

முதல் வேலை: எந்தச் சத்தம் குறையும், எது குறையாது எண்டு விளங்கிக்கொள்ளுங்கோ

ஹெட்போன்ல இருக்கிற சின்ன மைக் வெளிச்சத்தத்தைக் கேக்கும், உள்ளுக்கு இருக்கிற சிப் அந்த அலைக்கு நேரெதிரான அலையை உருவாக்கி ஸ்பீக்கரால விடும், ரெண்டும் சேர்ந்து ஒண்டையொண்டு அழிக்கும். இந்த யோசினை புதுசில்ல, போல் லூக் எண்ட ஜெர்மன்காரருக்கு 1936இலயே அமெரிக்காவில பேட்டன்ட் கிடைச்சிட்டுது. போஸ் கொம்பனியைத் தொடங்கின அமர் போஸ் 1978இல பிளேன்ல வரேக்க இஞ்சின் சத்தத்தில பாட்டு கேக்க ஏலாமப் போய் இதில இறங்கினவர், 1989இல பைலட்மாருக்கான ஹெட்செட் வந்தது, எங்களை மாதிரி சாதாரண ஆக்களுக்கான குவயட்கம்ஃபர்ட் 2000இல வந்தது. பிளேன் இஞ்சினுக்காகப் பிறந்த சாமான் எண்டதை மறக்காதேங்கோ, ஏனெண்டா இண்டைக்கும் அது நல்லாச் செய்யிற வேலை அதுதான்: ஒரே சீரா நிக்காம வாற தடிச்ச இரைச்சல்.

ஏன் அப்பிடி? 100 ஹேர்ட்ஸ், அதாவது செக்கனுக்கு 100 தரம் அதிர்ற உறுமல் ஒரு தரம் ஏறி இறங்க 10 மில்லிசெக்கன் எடுக்கும், சிப்புக்கு யோசிக்க நேரம் இருக்கு. 2000 ஹேர்ட்ஸ் சத்தம் அரை மில்லிசெக்கனில ஏறி இறங்கி முடிஞ்சிடும், எதிரலை கொஞ்சம் பிந்தினாலும் அழிக்கிறதுக்குப் பதிலா சத்தத்தைக் கூட்டிப்போடும். அதால கிட்டத்தட்ட 1000 ஹேர்ட்ஸுக்குக் கீழதான் இந்த எலக்ட்ரோனிக் வேலை பலமா நடக்கும், அதுக்கு மேல காதைச் சுத்தி மூடுற குஷன்தான் பெரும்பாலும் காப்பாத்தும். ரெண்டும் சேர்ந்துதான் மொத்தப் பலன், குஷன் வடிவா மூடாட்டி எவ்வளவு விலையான சிப்பாலயும் பிரயோசனம் இல்ல.

இப்ப கொழும்புக்கு வாங்கோ. அசோக் லேலண்ட் பஸ்ஸின்ர இஞ்சின் உறுமல், கரையோர ட்ரெயின்ர டீசல் இரைச்சல், ஒபிஸ் ஏசி, ஃபேன், கரண்ட் போனா இரையிற ஜெனரேட்டர் எல்லாம் நல்லாக் குறையும். யாழ்ப்பாணத்துக்கு ராத்திரி ஏசி பஸ்ல போறவைக்கு இது பெரிய நிம்மதி, இறங்கேக்க தலையிடி இல்லாம இறங்கலாம். ஆனா பஸ் ஹோர்ன், கொண்டக்டர் கத்துறது, பக்கத்து மேசையில ரெண்டு பேர் கதைக்கிறது, குழந்தை அழுறது, பாண் விக்கிற த்ரீவீல்ர மெட்டு, பஸ்ஸுக்குள்ள ஃபுல் வொல்யூம்ல போடுற பாட்டு, இதெல்லாம் குறையும், மறையாது. டக்கெண்டு வாற சத்தமும் மேல் சுருதிச் சத்தமும் அப்பிடித்தான். "போட்டவுடன ஒண்டும் கேக்காது" எண்டு யாரும் சொன்னா நம்பாதேங்கோ. பாட்டு மெல்லமாப் போகேக்க பக்கத்து மேசைக் கதை விளங்காம மங்கிப் போகுமெண்டா அது நல்ல ஹெட்போன், அவ்வளவுதான் எதிர்பாக்கலாம்.

பெட்டியில 40 டெசிபல், 45 டெசிபல் எண்டு போட்டிருக்கும். அது ஏதோ ஒரு சுருதியில கிடைச்ச ஆகக்கூடின அளவு, எல்லாச் சத்தமும் அவ்வளவு குறையும் எண்டு அர்த்தம் இல்ல. ரெண்டு பெட்டியை வச்சு அந்த நம்பரை ஒப்பிட்டு வாங்காதேங்கோ.

உங்கட சத்தத்தை போன்ல பிடியுங்கோ

கடைக்குப் போக முதல் ஒரு சின்ன வேலை. நீங்கள் வழமையாப் போற பஸ்ல, 100, 101, 138, 155 எதெண்டாலும், ஒபிஸ் மேசையில, வீட்டு ஹோல்ல, ஒவ்வொரு இடத்திலயும் கொஞ்ச நேரம் போன்ல ரெக்கோட் பண்ணி வச்சுக்கொள்ளுங்கோ. பிறகு ஆறுதலா இருந்து கேளுங்கோ, அதில கூட இருக்கிறது உறுமலா, ஆக்கள் கதையா, ஹோர்னா எண்டு தெரியும். உறுமல் எண்டா நொய்ஸ் கான்சலிங்குக்கு காசு போடுறது நியாயம். ஆக்கள் கதை எண்டா நல்லா மூடுற குஷனும் மெல்லிய மழைச்சத்தம் மாதிரி ஏதாவது பின்னணியில ஓட விடுறதும்தான் கைகொடுக்கும், ஆகப்பெரிய விலைக்குப் போகத் தேவை இல்ல. இந்த ரெக்கோடிங் கடையில டெஸ்ட் பண்ணவும் உதவும்.

வெக்கை, வேர்வை, கண்ணாடி, தோடு

கொழும்பில ஓவர்-இயர், அதாவது காதை முழுசா மூடுற ஹெட்போன் வாங்குற ஆக்கள் கூடப் பாக்க வேண்டிய இடம் இதுதான், கூடக் கவனிக்காம விடுறதும் இதைத்தான். காதை முழுசா மூடினா காது வேர்க்கும், அதுக்கு மருந்து இல்ல, குறைக்கலாம் அவ்வளவுதான். குஷன் ஆழமா, காதுமடல் உள்ளுக்கு முட்டாம இருக்கோணும். துணி போட்ட குஷன் காத்து விடும், ஆனா சத்தத்தையும் கொஞ்சம் விடும், வேர்வையையும் உறிஞ்சும். தோல் மாதிரி இருக்கிற செயற்கைக் குஷன் வடிவா மூடும், ஆனா எங்கட ஈரப்பதத்தில காலப்போக்கில செதில் செதிலா உரியும். ரெண்டிலயும் நட்டம் இருக்கு, அதால கழட்டி மாத்தக்கூடிய குஷனா எண்டு கட்டாயம் பாருங்கோ, அந்த மொடலுக்கு மாத்துக் குஷன் கொழும்பில கிடைக்குமா எண்டும் அங்கயே கேளுங்கோ.

பாரமும் முக்கியம். சோனி டபிள்யூஎச்-சிஎச்720என் 192 கிராம், அதே சோனியின்ர 1000எக்ஸ்எம்4 254 கிராம், சென்ஹைசர் மொமென்டம் 4 293 கிராம், ஆப்பிள் எயார்பொட்ஸ் மேக்ஸ் கிட்டத்தட்ட 385 கிராம். அரை மணித்தியாலத்துக்கு வித்தியாசம் பெருசாத் தெரியாது. ஒன்பது மணியில இருந்து ஐஞ்சு மணி வரைக்கும் தலையில வச்சிருக்கிறவைக்கு உச்சந்தலையிலயும் கழுத்திலயும் தெரியும்.

கண்ணாடி போடுறவை கண்ணாடியோடதான் போட்டுப் பாக்கோணும், தண்டு தடிப்பா இருந்தா குஷனுக்கும் கன்னத்துக்கும் இடையில இடைவெளி விழும், அதால பஸ் உறுமல் உள்ளுக்கு வரும், நொய்ஸ் கான்சலிங் வேலை செய்யேல்ல எண்டு ஹெட்போனைக் குறை சொல்லுவீங்கள். தோடு, ஜிமிக்கி போடுறவைக்கு குஷன் அழுத்தி நோகும், பெரிய தோடெண்டா ஓவர்-இயர் நாள் முழுக்கப் போடுறது கஷ்டம்தான். ஸ்கார்ஃப் கட்டுற ஆக்கள் மெல்லிய துணிக்கு மேலால போட்டாலும் மூடுறது கொஞ்சம் குறையும், கொண்டை போடுறவைக்கு பாண்ட் எங்க உக்காருது எண்டு பாக்கோணும். இதெல்லாம் கடையில ஐஞ்சு நிமிசத்தில தெரியுற விசயம், ஒன்லைன்ல படத்தைப் பாத்து ஒருக்காலும் தெரியாது.

சில பேருக்கு நொய்ஸ் கான்சலிங் ஓன் பண்ணினவுடன காது அடைச்ச மாதிரி ஒரு அமுக்கம் வரும், சிலருக்கு தலை சுத்தும். அப்பிடியான ஆளெண்டா அளவைக் கூட்டிக் குறைக்கக்கூடிய மொடலா எடுங்கோ, ஒரே அளவில நிக்கிறது வேண்டாம்.

கோல்ல உங்கட குரல்

உங்களுக்குச் சத்தம் கேக்காம இருக்கிறது வேற, மற்றப் பக்கம் இருக்கிற ஆளுக்கு உங்கட பின்னணிச் சத்தம் கேக்காம இருக்கிறது வேற. முதலாவதுக்குப் பேர் போன மொடல் ரெண்டாவதில சுமாரா இருக்கலாம். ஒபிஸுக்கெண்டு எடுக்கிறவை ரெண்டாவதைத்தான் கூடப் பாக்கோணும். ஒரு வழி சொல்லுறன், கடைக்கு வெளியில கோல் ரோட்டுக் கரையில நிண்டு, ஹெட்போனைப் போட்டு ஒரு வட்ஸ்அப் வொய்ஸ் நோட் அனுப்பி அதைத் திரும்பக் கேளுங்கோ. பஸ் போகேக்க உங்கட சொல்லு அறுந்து அறுந்து விழுதா, தண்ணிக்குள்ள இருந்து கதைக்கிற மாதிரி வருதா எண்டு உடன விளங்கும். கடற்கரை ட்ரெயின்ல, மரின் ட்ரைவ்ல நடக்கேக்க காத்தும் ஒரு வில்லங்கம், வெளி மைக்ல காத்து அடிச்சா காதுக்குள்ள புர் புர் எண்டு கேக்கும், விண்ட் ரிடக்சன் (காத்துச் சத்தத்தைக் குறைக்கிற வசதி) இருக்கிற மொடலில இது கொஞ்சம் அடங்கும்.

லப்டொப்ல புளூடூத்தால கனெக்ட் பண்ணி மைக்கையும் ஹெட்போன் மைக்கா வச்சா பாட்டுச் சத்தம் திடீரெண்டு பழைய ரேடியோ மாதிரி மட்டமாகும், கனபேர் ஹெட்போன் பழுது எண்டு கடைக்குத் திருப்பிக் கொண்டு போறது இதாலதான். அது பழுதில்ல. சாதாரண புளூடூத்ல மைக் திறந்தவுடன ஹெட்போன் கோல் மோடுக்கு மாறும், அதில சத்தத்தின்ர தரம் குறைவு. எல்ஈ ஓடியோ எண்டு புதுசா வந்திருக்கிற புளூடூத் முறை, லப்டொப்பும் ஹெட்போனும் ரெண்டும் சப்போர்ட் பண்ணினா இதைச் சீராக்கும். இல்லாட்டி சுகமான வழி இருக்கு: டீம்ஸ், ஸூம் செட்டிங்ல ஸ்பீக்கருக்கு ஹெட்போனையும் மைக்குக்கு லப்டொப் மைக்கையும் தெரிவு செய்யுங்கோ, அமைதியான அறையெண்டா உங்கட குரலும் வடிவாப் போகும், உங்களுக்கும் நல்லாக் கேக்கும். கோல் சென்டர் மாதிரி நாள் முழுக்கக் கதைக்கிற வேலையெண்டா வாய்க்குக் கிட்ட கம்பி மைக் நீட்டின ஒபிஸ் ஹெட்செட்தான் சரி, ஸ்டைலான ஓவர்-இயர் எதுவும் அதுக்குக் கிட்ட வராது.

கனெக்சன், சுருக்கமா

மல்டிபொயின்ட் கட்டாயம் வேணும், லப்டொப்பும் போனும் ஒரே நேரத்தில கனெக்ட் ஆகி இருக்கிறது, வீட்டில இருந்து கோல் வந்தா லப்டொப்ல இருந்து பிடுங்கத் தேவை இல்ல. ஒபிஸ் லப்டொப்ல புளூடூத்தைப் பூட்டி வச்சிருக்கினமா எண்டு ஐடி ஆக்களிட்ட முதலே கேளுங்கோ, பூட்டியிருந்தா 3.5 மில்லிமீட்டர் வயரிலயோ யூஎஸ்பி-சி வயரிலயோ வேலை செய்யிற மொடல் வேணும், அப்பவும் வயரில போட்டா மைக் வேலை செய்யாத மொடல்கள் இருக்கு, கேட்டு எடுங்கோ. எல்டிஏசி (புளூடூத்தால கூடத் தரமாப் பாட்டு அனுப்புற முறை) எண்டு பெட்டியில போட்டிருந்தா அது அண்ட்ரொய்ட் 8க்குப் பிறகு வந்த போன்களுக்கான விசயம், ஐபோன் அதை எடுக்காது, ஏஏசி எண்ட வேற முறையிலதான் ஓடும். 138 பஸ்ல நிண்டுகொண்டு கேக்கேக்க இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது, அதுக்காகக் காசு கூடக் குடுக்காதேங்கோ.

பற்றரியும் மடிக்கிறதும்

பற்றரிக்கு இப்ப பயப்படத் தேவை இல்ல. நொய்ஸ் கான்சலிங்கோட சோனி எக்ஸ்எம்4 30 மணித்தியாலம், போஸ் குவயட்கம்ஃபர்ட் அல்ட்ரா முதல் வந்தது 24, சென்ஹைசர் மொமென்டம் 4 60 எண்டு கொம்பனிகள் சொல்லுது. பாவிச்சுப் பழசாக குறையும்தான், எண்டாலும் கிழமையில ரெண்டு தரம் சார்ஜ் போட்டாலே காணும்.

மடிக்கிறது அப்பிடியில்ல. காலமை ஏழரை ட்ரெயின்ல சனத்துக்குள்ள ஹெட்போனைக் கழுத்தில போட்டுக்கொண்டு நிண்டா யாரோ ஒராளின்ர பேக் வார்ல மாட்டி இழுபடும், பேக்குக்குள்ள வைக்கத்தான் வேணும். எக்ஸ்எம்4 உள்ளுக்கு மடியும், 2022இல வந்த எக்ஸ்எம்5 தட்டையாத் திரும்பும் ஆனா மடியாது, 2025இல வந்த எக்ஸ்எம்6 திரும்பவும் மடியும். சாப்பாட்டுப் பெட்டி, குடை, லப்டொப் எல்லாம் ஒரே பேக்ல கொண்டு போற ஆளுக்கு மடியிறதுதான் நல்லது, கேஸ் கொஞ்சம் கெட்டியா இருக்கிறதும் நல்லது.

எவ்வளவு போடுறது

விலை டொலரோட ஏறி இறங்குது, 2022இல என்ன நடந்தது எண்டு எல்லாருக்கும் தெரியும், அதால இங்க ரூபாய்க் கணக்கு எழுதி வைக்கிறதில அர்த்தமில்ல, ஒரே நாளில மூண்டு நாலு கடையில கேட்டுப் பாருங்கோ. எந்த வரிசையில காசு போடுறது எண்டு மட்டும் சொல்லுறன். பஸ்ஸுக்கும் ட்ரெயினுக்கும் மட்டும் எண்டா சவுண்ட்கோர் ஸ்பேஸ் வன், ஜேபிஎல் டியூன் 770என்சி, சோனி சிஎச்720என் மாதிரி நடுத்தர மொடலே காணும், இஞ்சின் உறுமலை இதுகளும் நல்லாக் குறைக்கும். வேலைக்கும் போக்குவரத்துக்கும் ரெண்டுக்கும், ஒவ்வொரு நாளும் கன மணித்தியாலம் எண்டா மேல்தர மொடலுக்குப் போகலாம், அங்க நீங்கள் கூடக் குடுக்கிற காசு ஆக்களின்ர கதைச்சத்தம் கொஞ்சம் கூடக் குறையிறதுக்கும், வசதிக்கும், மைக்குக்கும்தான். புது மொடல் வந்தவுடன முந்தின மொடல் விலை இறங்கும், என்னைக் கேட்டா ஒரு தலைமுறை பழைய மேல்தர மொடலைப் புதுசா வாங்குறதுதான் ஆக நல்ல வியாபாரம்.

பாவிச்சது வாங்குறதெண்டா குஷன், பற்றரி, ரெண்டு பக்க நொய்ஸ் கான்சலிங்கும் ஒரே அளவா இருக்கா எண்ட மூண்டையும் பாருங்கோ. ஒரு பக்கம் மட்டும் கீச்சிட்டா உள்மைக் போயிருக்கலாம், விட்டிட்டு வாங்கோ.

கடையில எப்பிடிப் பாக்கிறது

பம்பலப்பிட்டி யுனிட்டி பிளாசா, கொள்ளுப்பிட்டி லிபர்ட்டி பிளாசா, புறக்கோட்டை எண்டு சுத்தலாம். டெமோ பீஸ் போட்டுப் பாக்க விடுற கடையாத் தேடுங்கோ, அதுக்காக கொஞ்சம் கூட விலையெண்டாலும் பரவாயில்ல. முதல்ல பாட்டு இல்லாமப் போட்டுக்கொண்டு நில்லுங்கோ. நொய்ஸ் கான்சலிங்கை ஓன் பண்ணி ஓஃப் பண்ணி கடை ஏசிச் சத்தத்தைக் கேளுங்கோ. தலையைக் குனிஞ்சு நிமிந்து, வாயை அசைச்சு, கொட்டாவி விட்டுப் பாருங்கோ, அப்ப உறுமல் உள்ளுக்கு வந்து வந்து போனா உங்கட முகத்துக்கு அது மூடேல்ல. பிறகு நீங்கள் பிடிச்ச பஸ் ரெக்கோடிங்கை உங்கட போன் ஸ்பீக்கர்லயோ கடையில இருக்கிற பெரிய ஸ்பீக்கர்லயோ போட்டுக் கேளுங்கோ, பெரிய ஸ்பீக்கர் எண்டா உறுமல் சரியா வரும். கடைசியா, கடைக்காரர் விட்டா, வாசல்ல கோல் ரோட்டுப் பக்கம் நிண்டு போடுங்கோ. கொஞ்ச நேரம் கழட்டாம வச்சிருங்கோ, ரெண்டு நிமிசத்தில நோகாதது இருவது நிமிசத்தில நோகும். கடைக்காரர் அவசரப்படுத்தினாலும் நீங்கள் அவசரப்படாதேங்கோ.

போலியும் வாரண்டியும்

பேர் போன மொடலுக்கெல்லாம் போலி இருக்கு, பெட்டி, ஸ்டிக்கர், கேஸ் எல்லாம் அச்சு அசலா இருக்கும். விலை மற்றக் கடைகளை விட நம்பேலாத அளவு குறைவெண்டா அதுவே முதல் அடையாளம். கொம்பனியின்ர சொந்த அப்பில கனெக்ட் பண்ணி ஃபேர்ம்வெயார் அப்டேட் வருதா எண்டு பாருங்கோ, சீரியல் நம்பரை கொம்பனி தளத்தில போட்டுப் பாருங்கோ, பாரத்தை நிறுத்துப் பாக்க ஏலுமெண்டா பாருங்கோ. போலியில நொய்ஸ் கான்சலிங் பெரும்பாலும் பேருக்குத்தான் இருக்கும், ஏசி உறுமல் டெஸ்ட்லயே பிடிபடும்.

வாரண்டி எண்டா யார் குடுக்கிற வாரண்டி எண்டு கேளுங்கோ: ஏஜென்ட் வாரண்டியா, கடை வாரண்டியா. கடை வாரண்டியெண்டா பழுதானா மாத்தித் தருவினமா, திருத்தித் தருவினமா, எவ்வளவு நாளுக்குள்ள எண்டதை பில்லிலயே எழுதி வாங்குங்கோ, பில்லில சீரியல் நம்பரும் இருக்கோணும். வாயால சொன்னது பிறகு நிக்காது. எழுதித் தந்தும் மறுத்தா நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு 1977க்கு அடிச்சு முறைப்பாடு குடுக்கலாம், அதுக்கும் பில்தான் வேணும்.

ரோட்டில, தண்டவாளத்தில

இதை மட்டும் தயவுசெய்து கேளுங்கோ. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் தண்டவாளத்தால நடந்து போற பழக்கம் கனபேருக்கு இருக்கு, பின்னால வாற ட்ரெயின்ர உறுமல்தான் இந்த ஹெட்போன் ஆக நல்லா அழிக்கிற சத்தம். கடல் இரைச்சலும் சேரும். ஸ்டேசன் பிளட்ஃபோர்மில நிக்கேக்கயும், லெவல் குரொசிங் கடக்கேக்கயும், கோல் ரோட்டைக் குறுக்கால கடக்கேக்கயும் காதில இருந்து கழட்டி கழுத்தில போடுங்கோ. அம்பியன்ட் மோட் வெளிச்சத்தத்தை உள்ளுக்கு விடும்தான், ஆனா சத்தம் எந்தப் பக்கத்தால வருது எண்டது வெறுங்காதில போல தெரியாது. அது கொண்டக்டரோட கதைக்க, ஸ்டேசன் அறிவிப்புக் கேக்க நல்லது, தண்டவாளத்துக்கு இல்ல. உங்கட பிள்ளைகளுக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் இதைச் சொல்லி வையுங்கோ.

வொல்யூமும் அப்பிடித்தான். உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லுற கணக்கில 80 டெசிபல் எண்டா கிழமைக்கு 40 மணித்தியாலம் கேக்கலாம், 90 டெசிபலுக்குப் போனா 4 மணித்தியாலம்தான். சாதாரண இயர்போனைப் போட்டுக்கொண்டு பஸ் இரைச்சலுக்கு மேலால பாட்டு கேக்க வெளிக்கிட்டா வொல்யூம் எங்க போய் நிக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. வெளிச்சத்தம் குறைஞ்சா பாட்டையும் மெல்லமா வைக்கலாம், நொய்ஸ் கான்சலிங்குக்கு காசு குடுக்கிறதுக்கு என்னைப் பொறுத்தவரைக்கும் ஆகப்பெரிய காரணம் இதுதான். போன் செட்டிங்ல வொல்யூம் லிமிட் இருக்கு, வாங்கின அண்டைக்கே போட்டு விடுங்கோ.

கன நாள் வைச்சிருக்க

வீட்டுக்கு வந்தவுடன வேர்வையோட கேஸுக்குள்ள போட்டு ஸிப்பை இழுத்து மூடாதேங்கோ, மெல்லிய ஈரத்துணியால குஷனைத் துடைச்சு கொஞ்ச நேரம் ஃபேன் காத்தில வச்சிட்டு பிறகு வையுங்கோ, கேஸுக்குள்ள ரெண்டு சிலிக்கா ஜெல் பக்கெட் போட்டு வச்சா இன்னும் நல்லது. ஸ்பிரிட், சனிடைசர் குஷன்ல பூசினா கெதியா வெடிக்கும். மழைக்குள்ள போடாதேங்கோ, ஓவர்-இயர் மொடல் கனக்கத்துக்கு தண்ணி தாங்குற தரம் ஒண்டும் இல்ல. வெய்யில்ல நிக்கிற கார் டாஷ்போர்ட்ல வைக்காதேங்கோ, பற்றரிக்குச் சூடு கூடாது. காது கடிச்சாலோ நீர் வடிஞ்சாலோ சுகமாகும் வரைக்கும் போடாம டொக்டரிட்டக் காட்டுங்கோ, மற்றாக்களோட ஹெட்போனை மாத்திப் போடுறதையும் விடுங்கோ.

குஷன் அமுங்கித் தட்டையானவுடன மாத்துங்கோ, உரியும் வரைக்கும் பாத்துக்கொண்டிருக்காதேங்கோ, தட்டையான குஷனால உறுமல் உள்ளுக்கு வரத் தொடங்கும், ஆக்கள் அதை ஹெட்போன் பழசாயிட்டுது எண்டு நினைச்சு புதுசு வாங்கப் போவினம். மாத்துக் குஷன் வாங்கேக்க அதே மொடலுக்கெண்டு செஞ்சதா எடுங்கோ, உள்ளுக்கு இருக்கிற மெல்லிய துணி வலையும் பழையது மாதிரியே இருக்கோணும், தடிப்பு மாறினா மைக்குக்கும் காதுக்கும் இடையில இருக்கிற தூரம் மாறி நொய்ஸ் கான்சலிங்கும் பாட்டின்ர பாஸும் (தடிச்ச கீழ்ச் சுருதிச் சத்தம்) ரெண்டும் மாறிப்போகும்.